அடாலிமுமாப் ஊசி வீட்டுல போட்டுக்கறவங்களுக்கு: டெஸ்ட்ல ஆரம்பிச்சு காலி பென்னை தூக்கிப் போடற வரைக்கும்

சொரியாடிக் ஆர்த்ரைடிஸுக்காக (சொரியாசிஸோட சேர்ந்து வர்ற மூட்டு வீக்க நோய்) நாலு வருஷமா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அடாலிமுமாப் போட்டுக்கறேன், எண்ணிப் பார்த்தா நூறு ஊசி தாண்டியாச்சு. நடுவுல புதுசா ஆரம்பிக்கறவங்க நாலஞ்சு பேருக்கு பக்கத்துல உக்காந்தோ வீடியோ கால்லயோ சொல்லிக் குடுத்திருக்கேன். அதுல ஒண்ணு புரிஞ்சுது, எல்லாரும் பயப்படறது ஊசி குத்தற அந்த பத்து செகண்டுக்கு, ஆனா தப்பு நடக்கறது அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான். டெஸ்ட் ரிசல்ட் வராமலே ஆரம்பிக்கறது, ஃப்ரிட்ஜ்ல தப்பான இடத்துல வைக்கறது, காய்ச்சலோட "இன்னிக்கு தேதி ஆச்சே"ன்னு போட்டுக்கறது, இப்படி.

அதனால வரிசையா எழுதறேன். முடக்குவாதம், சொரியாசிஸ், ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (முதுகெலும்பு மூட்டு வீக்கம்), ஹைட்ராடினைடிஸ் (அக்குள், தொடையிடுக்குல திரும்பத் திரும்ப கட்டி வர்றது) இதுல எதுக்காக எழுதிக் குடுத்திருந்தாலும் போடற முறை ஒண்ணுதான், டோஸ்தான் மாறும். அடாலிமுமாப்போட ஒரிஜினல் பிராண்டான ஹுமிராவா இருந்தாலும், அதோட பயோசிமிலரா (வேற கம்பெனி அதே மாதிரி தயாரிக்கற மருந்து) இருந்தாலும் மருந்து வேலை செய்யற விதம் அதேதான். பென், அதாவது மருந்தும் ஊசியும் உள்ளயே இருக்கற பேனா மாதிரி கருவி, அதோட டிசைன் மட்டும் கம்பெனிக்கு கம்பெனி வேற, அதனால உங்க பாக்ஸுக்குள்ள இருக்கற பேப்பர் ஒண்ணு சொல்லி நான் வேற சொன்னா பேப்பர் சொல்றதையே கேளுங்க.

1. இது உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு ரெண்டே நிமிஷம்

டிஎன்எஃப்னு ஒரு புரதம், உடம்புல வீக்கத்தை கிளப்பி விடறது இதோட வேலை. நமக்கு அது காரணமே இல்லாம மூட்டுலயும் தோல்லயும் ஓவரா வேலை பார்க்குது. அடாலிமுமாப் போய் அதை புடிச்சு கட்டிப் போட்டுடும், வலி வீக்கம் இறங்கறது இதனாலதான்.

ஆனா அதே டிஎன்எஃப்தான் டிபி கிருமியைச் சுத்தி செல்களை சுவர் மாதிரி நிக்க வச்சு அதை வெளிய விடாம பூட்டி வச்சிருக்கு. நம்மள்ல நிறைய பேருக்கு எப்பவோ உள்ள வந்த டிபி கிருமி தூங்கிட்டு இருக்கும், நமக்கே தெரியாது. டிஎன்எஃபை அடக்கினா அந்த சுவர் இடிஞ்சு கிருமி வெளிய வரலாம். கீழ நான் டெஸ்ட் டெஸ்ட்னு உயிரை எடுக்கறதுக்கு இதுதான் காரணம்.

2. டெஸ்ட் முடியாம முதல் ஊசி கிடையாது

வழக்கமா எடுக்கச் சொல்றது: டிபிக்கு மான்டூ (கையில தோலுக்குள்ள ஊசி குத்திப் பார்க்கற டெஸ்ட்) இல்லன்னா இக்ரா ரத்த டெஸ்ட், கூடவே நெஞ்சு எக்ஸ்ரே. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி. அப்புறம் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, லிவர், கிட்னி.

மான்டூல தான் ஜனங்க அதிகமா சொதப்பறாங்க. கையில குத்தி விட்டுட்டா டெஸ்ட் முடிஞ்சுதுன்னு நெனச்சுடறாங்க, ஆனா 48 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள திரும்பிப் போய் அளந்து பார்த்தாதான் அது டெஸ்ட். அந்த ரெண்டாவது நாள் லீவு நாளா வந்துடாம பார்த்து குத்திக்கோங்க. நான் வெள்ளிக்கிழமை காலைல குத்திக்கிட்டு திங்கக்கிழமை சாயங்காலம் போனேன், 72 மணி நேரம் தாண்டிடுச்சுன்னு மறுபடியும் முதல்ல இருந்து.

அளக்கறது தடிப்பைத்தான், சிவப்பை இல்ல. நம்ம மாதிரி எதிர்ப்பு சக்தியை குறைக்கற மருந்துக்குப் போறவங்களுக்கு 5 மி.மீ. தடிப்பு இருந்தாலே பாசிட்டிவ்னு எடுத்துப்பாங்க, நீங்களா வீட்டுல பார்த்து "லேசாதான் இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க. ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த டெஸ்ட் பொய்யா நெகட்டிவ் காட்டலாம், அதனால எந்த மாத்திரை எவ்வளவு சாப்பிடறீங்கன்னு டெஸ்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

பாசிட்டிவ் வந்தா பதறாதீங்க, தூங்கற டிபின்னா நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சு குறைஞ்சது ஒரு மாசமாவது ஓடினதுக்கு அப்புறம்தான் பொதுவா ஊசியை ஆரம்பிப்பாங்க. "வலி தாங்கல டாக்டர், இப்பவே போட்டுடலாமே"ன்னு அவசரப்படுத்தற இடம் இது இல்ல.

லிவரைத் தாக்கற ஹெபடைடிஸ் பி-யும் இதே கதைதான். பழைய தொற்று உள்ள பதுங்கி இருந்தா திரும்ப எழும்பலாம், அதனால இப்போ கிருமி இருக்கான்னு மட்டும் பார்க்காம முன்னாடி வந்து போயிருக்கான்னும் சேர்த்துப் பார்ப்பாங்க.

3. தடுப்பூசி, வரிசை மாறினா கதவு மூடிடும்

உயிருள்ள கிருமியை வலுவிழக்க வச்சு செய்யற தடுப்பூசிகள் எதுவும் இந்த மருந்து ஓடறப்போ போடக் கூடாது. தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா சேர்ந்த ஊசி, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், மூக்குல அடிக்கற ஃப்ளூ ஸ்ப்ரே, வாயால சாப்பிடற டைஃபாய்டு மருந்து எல்லாம் இந்த லிஸ்ட். இதுல ஏதாவது தேவைப்படும்னா ஊசி ஆரம்பிக்கறதுக்கு குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே முடிச்சிடணும்.

ஊசியா போடற ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி, உயிருள்ள கிருமி இல்லாத அக்கி தடுப்பூசி இதெல்லாம் நடுவுலயும் போடலாம். ஆனாலும் முன்னாடியே போட்டா உடம்பு நல்லா எதிர்வினை காட்டும், அதனால முடிஞ்ச வரைக்கும் முன்னாடி.

வயித்துல குழந்தை இருக்கறப்போ இந்த ஊசி போட்டிருந்தா, பொறக்கற குழந்தைக்கு பிசிஜி மாதிரி உயிருள்ள தடுப்பூசி போடறதுக்கு முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். அம்மா கர்ப்பத்துல கடைசியா போட்ட ஊசியில இருந்து 5 மாசம் வரைக்கும் அதைத் தவிர்க்கச் சொல்றாங்க. பிரசவம் பார்க்கற இடத்துல பிசிஜியை பொறந்த உடனேயே போட்டுடுவாங்க, அதனால முன்கூட்டியே எழுதி ஃபைல்ல வச்சிடுங்க.

4. டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்ல வேண்டியவை

இதய செயலிழப்பு இருந்தா. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் மாதிரி நரம்பு உறை பாதிக்கற நோய் உங்களுக்கோ ரத்த சொந்தத்துலயோ இருந்தா. எப்பவாவது கேன்சர் வந்திருந்தா. அடிக்கடி தொற்று வந்தா, ஆறாத புண் இருந்தா. கர்ப்பமா இருந்தா, பிளான் பண்ணிட்டு இருந்தா. ரப்பர் அலர்ஜி இருந்தா, ஏன்னா சில பென்னோட ஊசி மூடியில இயற்கை ரப்பர் இருக்கும்.

வேற ஏதாவது பயோலாஜிக் ஊசி (இதே மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கற புரத மருந்து) ஓடிட்டு இருந்தா அதையும். அந்த வகையைச் சேர்ந்த அனகின்ராவோ அபடாசெப்டோ கூட இதை சேர்த்தா தொற்று அபாயம்தான் ஏறும், பலன் கூடாது. தோல் டாக்டர் ஒருத்தர், மூட்டு டாக்டர் ஒருத்தர்னு ரெண்டு பேரைப் பார்க்கறவங்க இங்கதான் மாட்டிக்குவாங்க, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது.

5. மருந்து கைக்கு வந்த உடனே

வாங்கற இடத்துலயே பாக்ஸைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கணும். பேரு, மில்லிகிராம், எக்ஸ்பைரி தேதி, பென்னா சிரிஞ்சா, இது நாலையும் சீட்டோட ஒத்துப் பாருங்க.

40 மி.கி. மருந்து ரெண்டு விதமா வருது, 0.8 மி.லி.ல ஒண்ணு, 0.4 மி.லி.ல ஒண்ணு. மருந்தோட அளவு ஒண்ணுதான், தண்ணி அளவுதான் வேற, அதனால போன தடவையை விட கம்மியா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். மருந்தோட சேர்க்கற சிட்ரேட்ங்கற உப்பு இல்லாத வகை எரியறது நல்லாவே கம்மி. எரிச்சல் தாங்காம ஊசியையே நிறுத்திடலாம்னு நெனைக்கறவங்க, நிறுத்தறதுக்கு முன்னாடி இந்த வகை கிடைக்குமான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

6. ஃப்ரிட்ஜ்ல எங்க

2 டிகிரில இருந்து 8 டிகிரி வரைக்கும். நடுத்தட்டு, முன்பக்கம், பாக்ஸோடயே. கதவுல வேண்டாம், திறந்து மூடறப்போ எல்லாம் சூடு ஏறி இறங்கும். பின் சுவரை ஒட்டியும் வேண்டாம், சில ஃப்ரிட்ஜ்ல அங்க உறைஞ்சே போயிடும்.

ஒரு தடவை உறைஞ்சா அந்த மருந்து அவ்ளோதான். உருகினதுக்கு அப்புறம் பார்க்க தெளிவாத்தான் இருக்கும், ஆனா புரதம் கெட்டிருக்கும், போடக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் "ரொம்ப காஸ்ட்லி மருந்து, பத்திரமா இருக்கட்டும்"னு ஃப்ரீசர்லயே வச்சிட்டான், ரெண்டு பென்னும் போச்சு. சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி அந்தத் தட்டுல போட்டு வைங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

கரண்ட் போனா உடனே கதவைத் திறந்து திறந்து பார்க்காதீங்க, மூடி இருந்தாத்தான் குளிர் நிக்கும். ஹுமிராவுக்கு 25 டிகிரிக்கு மேல போகாம, வெளிச்சம் படாம இருந்தா 14 நாள் வரைக்கும் வெளிய இருக்கலாம், பயோசிமிலருக்கு இது மாறும், பேப்பரைப் பாருங்க. வெளிய எடுத்த தேதியை பாக்ஸ் மேலயே பேனால எழுதுங்க. ஒரு நாள் வெளிய வச்சுட்டு திரும்ப ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் அந்த 14 நாள் கணக்கு நிக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். 25 டிகிரின்னா நிஜமாவே 25, வெயில் காலத்துல நம்ம ரூம் அதைத் தாண்டிடும்ங்கறதை மறந்துடாதீங்க.

7. தேதி குறிக்கறது

மூட்டு நோய்களுக்கு பொதுவா 40 மி.கி., ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. சொரியாசிஸுக்கு முதல் நாள் 80, ஒரு வாரம் கழிச்சு 40, அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு 40. ஹைட்ராடினைடிஸுக்கு ஆரம்பமே 160, 15-வது நாள் 80, 29-வது நாள்ல இருந்து வாரம் 40 இல்லன்னா ரெண்டு வாரத்துக்கு 80. உங்க சீட்டுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு, இதை எழுதினது எதுக்குன்னா ஒரே வெயிட்டிங் ஹால்ல உக்காந்திருக்கற ரெண்டு பேர் "உனக்கு ஏன் ரெண்டு, எனக்கு ஏன் ஒண்ணு"ன்னு குழம்பறதை பார்த்திருக்கேன்.

"மாசம் ரெண்டு தடவை"ன்னு மனசுல வச்சுக்காதீங்க. 1-ம் தேதி 15-ம் தேதின்னு போட்டா இடைவெளி மாறிக்கிட்டே இருக்கும். கிழமையைப் புடிச்சுக்கோங்க, ஒண்ணு விட்டு ஒரு சனிக்கிழமை மாதிரி, ஃபோன்ல ரிமைண்டர்.

கூடவே மெத்தோட்ரெக்ஸேட் (மூட்டு நோய்க்கும் சொரியாசிஸுக்கும் குடுக்கற மாத்திரை) சாப்பிடறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை, அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தான கேஸ் இருக்கு. ஊசிக்கு ஒரு கலர், மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஒரு கலர், அதோட சேர்த்துக் குடுக்கற ஃபோலிக் ஆசிட் வைட்டமினுக்கு ஒரு கலர்னு காலண்டர்ல பிரிச்சு குறிச்சா குழப்பமே வராது.

8. ஊசி போடற நாள்

முதல் கேள்வி பென்னைப் பத்தி இல்ல, உங்களைப் பத்தி. காய்ச்சல் இருக்கா, இருமல், ஒண்ணுக்குப் போறப்போ எரிச்சல், சீழ் வெச்ச புண், பல்லுல வீக்கம் ஏதாவது? ஒண்ணு இருந்தாலும் நிறுத்துங்க, 10-வது பகுதிக்குப் போங்க. பென்னை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுக்கணும், ஏன்னா எடுத்து வச்சுட்டா "எடுத்தாச்சே, போட்டுடுவோம்"னு மனசு சொல்லும்.

அப்புறம் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து மேஜை மேல 15 முதல் 30 நிமிஷம் வைங்க, மூடியைக் கழட்டாம. சில்லுன்னு போட்டா எரிச்சல் ஜாஸ்தி. சீக்கிரம் சூடாகணும்னு சுடுதண்ணில போடறது, மைக்ரோவேவ்ல வைக்கறது, வெயில்ல காட்டறது எதுவும் கூடாது. குலுக்கவும் கூடாது.

அந்த நேரத்துல கையைக் கழுவிட்டு ஆல்கஹால் துடைப்பான், பஞ்சு, காலி ஊசியைப் போடற டப்பா எல்லாத்தையும் கைக்கு எட்டற தூரத்துல வச்சுக்கோங்க. பென்னை தொடையில அழுத்திப் புடிச்சுக்கிட்டு பஞ்சு எங்கன்னு தேடற நிலைமை வேண்டாம்.

பென்ல இருக்கற சின்ன கண்ணாடி மாதிரி ஜன்னல் வழியா மருந்தைப் பாருங்க. தெளிவா, நிறம் இல்லாம இருக்கணும். கலங்கி இருந்தாலோ துகள் மிதந்தாலோ போடாதீங்க. சின்ன காத்துக் குமிழி இருக்கறது சகஜம், அதை வெளியேத்த முயற்சி பண்ண வேண்டாம்.

இடம்: தொடையோட முன்பக்கம், இல்லன்னா வயிறு. வயித்துலன்னா தொப்புளைச் சுத்தி 5 செ.மீ. விட்டுத் தள்ளி. போன தடவை போட்ட இடத்துல இருந்து குறைஞ்சது 2.5 செ.மீ. தள்ளி. நான் வலது தொடை, இடது தொடை, வயிறு வலது, வயிறு இடதுன்னு சுத்தி வரேன், நாலு தடவைக்கு ஒரு முறைதான் அதே பக்கம் வரும். ஒரே இடத்துல போட்டுக்கிட்டே இருந்தா அங்க தோல் கெட்டியாகிடும்.

தழும்பு, காயம், சிவந்த இடம், சொரியாசிஸ் தடிப்பு இருக்கற இடம் எல்லாம் தவிருங்க. "அரிக்கற எடத்துலயே போட்டா சீக்கிரம் ஆறுமே"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க, நல்ல கேள்விதான், ஆனா இது களிம்பு இல்ல, எங்க போட்டாலும் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகுது.

துடைச்சதும் தானா காய விடுங்க. ஊதாதீங்க, விசிறாதீங்க. ஈரத்தோட குத்தினா ஆல்கஹால் உள்ள போய் சுருக்குன்னு எரியும், அதை ஜனங்க மருந்தோட எரிச்சல்னு நெனச்சுக்கறாங்க.

இப்போதான் மூடி. நேரா இழுங்க, திருகாதீங்க. கழட்டின மூடியை திரும்ப மாட்டாதீங்க, ஊசி வளையும், இல்லன்னா கையில குத்தும். கழட்டினா அடுத்த நிமிஷம் போட்டுடணும். விரல் மூட்டு வீங்கி மூடியை இழுக்க முடியாதவங்க வீட்டுல ஒருத்தரை இழுத்துத் தரச் சொல்லுங்க, இதுல ரோஷம் ஒண்ணும் வேண்டாம், காலைல விரல் விறைப்பு இருக்கறப்போ நானே போடறதில்ல, சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டேன்.

தோலை லேசா சேர்த்துப் புடிச்சு, பென்னை நேரா 90 டிகிரில வச்சு முதல்ல அழுத்துங்க, அப்புறம் பட்டன். இந்த வரிசைதான் முக்கியம், அழுத்தாம பட்டனை அமுக்கினா பென் துள்ளும், மருந்து தோல் மேலயே போயிடும். சில பென்ல பட்டனே கிடையாது, அழுத்தினாலே ஆரம்பிச்சிடும். சிரிஞ்சுன்னா தோலைக் கிள்ளிப் புடிச்சு 45 டிகிரி சாய்வுல குத்தி மெதுவா கடைசி வரைக்கும் தள்ளணும்.

"டக்"னு ஒரு சத்தம் கேக்கும். அது முடிஞ்ச சத்தம் இல்ல, ஆரம்பிச்ச சத்தம். இந்த ஒரு வரியை எங்கயாவது எழுதி ஒட்டிக்கோங்க. என் முதல் ஊசில சத்தம் வந்த உடனே முடிஞ்சுதுன்னு தூக்கிட்டேன், ஊசி முனையில இருந்து மருந்து தொடையில வழிஞ்சு முட்டி வரைக்கும் ஓடுது, நான் அதை விரலால திரும்ப அந்த ஓட்டைக்குள்ள தேய்க்கப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

அதுக்கப்புறம் யாருக்கு சொல்லிக் குடுத்தாலும் நானும் கூடவே சத்தமா எண்ணுவேன். போன மாசம் ஒரு பொண்ணு வீடியோ கால்ல, "அக்கா சத்தம் வந்துடுச்சு, எடுக்கட்டுமா?" "எடுக்காதே, எண்ணு." "அஞ்சு, ஆறு... எரியுதுக்கா." "எரியட்டும், எண்ணு." 15 வரைக்கும் எண்ணி ஜன்னல்ல கலர் முழுசா நிறைஞ்சு நின்னதைக் காட்டின பிறகுதான் எடுக்க விட்டேன்.

சில பென்னுக்கு 10 செகண்ட், சிலதுக்கு 15. எண்ணிக்கையை விட ஜன்னல்தான் நம்பகமான சாட்சி, கலர் நகர்றது நின்னிருக்கணும். எடுக்கறப்போ நேரா எடுங்க.

9. எடுத்ததும்

பஞ்சை வச்சு பத்து செகண்ட் அழுத்துங்க, தேய்க்காதீங்க. ஒரு சொட்டு ரத்தமோ ஒரு சொட்டு மருந்தோ வந்தா பரவாயில்ல. நிறைய வழிஞ்சுட்டா இன்னொரு பென்னை எடுத்துப் போட்டுடாதீங்க, எவ்வளவு உள்ள போச்சுன்னு நமக்குத் தெரியாது, டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்க.

போட்ட இடம் சிவந்து, அரிச்சு, லேசா வீங்கறது ஆரம்பத்துல நிறைய பேருக்கு வரும், சில நாள்ல அடங்கிடும். துணியில சுத்தின ஐஸ் ஒத்தடம் போதும். ஆனா முகம், உதடு, நாக்கு வீங்கினா, மூச்சு வாங்கினா, உடம்பு முழுக்க தடிச்சா அது வேற விஷயம், உடனே எமர்ஜென்சி. முதல் ஊசியை நர்ஸ் முன்னாடி போட்டுக்கச் சொல்றது இதுக்கும் சேர்த்துத்தான்.

காலி பென்னை குப்பைக் கூடைல போடாதீங்க, எடுக்கறவங்க கையில குத்தும். ஊசிக்குன்னே இருக்கற டப்பா, இல்லன்னா ஊசி துளைக்காத கெட்டி பிளாஸ்டிக் டப்பா, முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடி ஆஸ்பத்திரில குடுங்க.

நோட்டுல தேதி, எந்த இடம், பென்னோட பேட்ச் நம்பர் எழுதுங்க. ஒரு பேட்ச்ல பிரச்சினைன்னா இந்த நம்பர் இல்லாம யாருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது.

10. தேதி வந்துடுச்சு, ஆனா உடம்பு சரியில்ல

புதுசா வர்றவங்க மட்டுமில்ல, பழைய ஆளுங்களும் தப்பு பண்ற இடம் இது. காய்ச்சலோ தொற்றோ இருக்கறப்போ ஊசி போடாதீங்க, முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க. நம்ம ஊசியோட பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ரெண்டு வாரம் ஆகும், முழுசா வெளியேற 4 மாசம் வரைக்கும் கூட ஆகலாம். அதாவது ரெண்டு மூணு நாள் தள்ளிப் போட்டா நோய் உடனே பாஞ்சு வந்துடாது, ஆனா தொற்றோட போட்டா தொற்று கை மீறிப் போகலாம். இதே காரணத்தால ஊசியை நிறுத்தின பிறகும் அந்த 4 மாசம் காய்ச்சல் வந்தா "நான் இந்த மருந்துல இருந்தேன்"னு சொல்லியே ஆகணும்.

நம்ம காய்ச்சல் மத்தவங்க காய்ச்சல் மாதிரி இல்ல, அறிகுறி மங்கலாத்தான் இருக்கும். பாரசிட்டமால் போட்டுட்டு நாலு நாள் பார்ப்போம்னு இருக்காதீங்க. விடாத இருமல், ராத்திரி வேர்வை, காரணமில்லாம எடை குறையறது இது மூணும் டிபி ஞாபகம் வர வேண்டிய அறிகுறி, முதல்ல எடுத்த டெஸ்ட் நெகட்டிவா இருந்திருந்தாலும்.

கை கால் மரத்துப் போறது, பார்வை மங்கறது, மூச்சு வாங்கி கால் வீங்கறது, ஆறாத புது மச்சமோ கட்டியோ, இதெல்லாமும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கற விஷயம் இல்ல. அப்புறம் ஒரு வினோதம், சொரியாசிஸுக்குக் குடுக்கற இதே மருந்து அபூர்வமா சிலருக்கு புதுசா சொரியாசிஸ் மாதிரி தடிப்பைக் கிளப்பும், உள்ளங்கைலயும் பாதத்துலயும் வந்தா படம் எடுத்து வைங்க.

வெறுமனே மறந்துட்டா? ஞாபகம் வந்த உடனே போடுங்க, அடுத்ததை பழைய அட்டவணைப்படியே போடுங்க. ஈடு கட்டறேன்னு ரெண்டு பென் சேர்த்துப் போடாதீங்க. அடுத்த தேதியே ரொம்ப கிட்ட வந்துடுச்சுன்னா கேட்டுட்டுப் போடுங்க.

ஆபரேஷன்னா முன்னாடியே சொல்லுங்க. மூட்டு மாற்று ஆபரேஷனை பொதுவா ஒரு டோஸை விட்டுட்டு, கடைசியா போட்ட ஊசியில இருந்து மூணாவது வாரத்துல வைப்பாங்க, புண் நல்லா ஆறி தையல் பிரிச்ச பிறகு, ஆபரேஷன் முடிஞ்சு ஏறக்குறைய ரெண்டு வாரத்துல திரும்ப ஆரம்பிப்பாங்க. பல்லு பிடுங்கறதுக்கும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க.

11. வெளியூர் போறப்போ

கூல் பேக், ஜெல் ஐஸ் பேக். ஐஸ் பேக் நேரா பாக்ஸ் மேல படக் கூடாது, நடுவுல ஒரு துண்டு மடிச்சு வைங்க, இல்லன்னா அந்தப் பக்கம் உறைஞ்சிடும். விமானத்துல கைப்பையிலயே வைங்க, கீழ போற லக்கேஜ்ல போட்டா உறையலாம், தொலையலாம். டாக்டர் லெட்டர் ஒண்ணு, மருந்துச் சீட்டு ஒண்ணு கூடவே. காருக்குள்ள வச்சுட்டு இறங்கிப் போகாதீங்க, பத்து நிமிஷம்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் போறாங்க.

12. எவ்வளவு நாள் பொறுக்கறது

சிலருக்கு ரெண்டு மூணு வாரத்துலயே விறைப்பு குறையும், பலருக்கு மெதுவா. 12 வாரத்துல இருந்து 16 வாரம் வரைக்கும் குடுத்துப் பார்த்துட்டுதான் டாக்டர் இது வேலை செய்யுதா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க, அதனால மூணாவது ஊசிலயே "ஒண்ணும் மாறல"ன்னு நிறுத்தாதீங்க.

நல்லா ஆனதும் நீங்களா நிறுத்தறதும் தப்பு. விட்டு விட்டுப் போட்டா உடம்பு இந்த மருந்தையே எதிரியா பார்த்து அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ண வாய்ப்பு கூடும், அப்புறம் திரும்ப ஆரம்பிச்சா பழைய மாதிரி கேக்காது. சிலருக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை சேர்த்தே குடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், "ஊசிதான் போடறோமே, மாத்திரை எதுக்கு"ன்னு அதை மட்டும் கழட்டி விடாதீங்க.

16-வது வாரம் டாக்டர் முன்னாடி உக்காரறப்போ "பரவாயில்ல டாக்டர்"னு சொன்னா அவருக்கு ஒண்ணும் விளங்காது. அந்த நோட்டுலயே பக்கத்துல ஒரு கட்டம் போட்டு காலைல விரல் விறைப்பு எத்தனை நிமிஷம் இருந்துச்சுன்னு வாரத்துக்கு ஒரு நாள் எழுதுங்க. எனக்கு முதல் வாரம் 90, ஆறாவது வாரம் 60, பதினஞ்சாவது வாரம் 20. டாக்டர் நோட்டை வாங்கி அந்தக் கட்டத்தை மட்டும் மேல இருந்து கீழ பார்த்துட்டு, அதே டோஸைத் தொடரச் சொல்லி எழுதிக் குடுத்தார்.